கேபினுக்குள் ஃபியூவல் பிரஷர் கேஜ்: எந்த வழி உங்கள் காருக்குப் பொருந்தும்?

டர்போவின் பூஸ்ட், அதாவது என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தம், ஏற்றியாகிவிட்டது. பெரிய இன்ஜெக்டரும் பம்பும் போட்டாகிவிட்டது. இனி ஓட்டும்போதே பெட்ரோல் அழுத்தம் கண்ணில் பட வேண்டும் என்று தேடத் தொடங்கினால், மெக்கானிக்கல் கேஜா, எலெக்ட்ரிக்கா, ஐசோலேட்டர் போதுமா, சென்சாரை நேராக என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவிலேயே இணைத்துவிடலாமா, காரின் பழுதறியும் சாக்கெட்டில் மாட்டும் ஓபிடி ரீடர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். வழிக்கு வழி விலை மாறுகிறது. அதைவிட முக்கியமாக, பழுதாகும் விதமும் மாறுகிறது.

முதலில் ஒரு கணக்கு. போர்ட் இன்ஜெக்‌ஷன் காரில் (சிலிண்டருக்கு வெளியே, காற்று நுழையும் வழியில் பெட்ரோல் தெளிக்கும் வகை) இன்ஜெக்டரின் இரு பக்கமும் உள்ள வித்தியாச அழுத்தம் பெரும்பாலும் 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐ. முழு த்ராட்டிலில் அது 2.4 பாருக்கு இறங்கினால் இன்ஜெக்டர் வழியாகப் பாயும் பெட்ரோல் வர்க்கமூல விகிதத்தில், ஏறக்குறைய 10.6 சதவீதம் குறையும். 11.5க்கு ட்யூன் செய்த ஏர்-ஃபியூவல் விகிதம் 12.9 பக்கம் போய்விடும், அதாவது பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்துவிடும். முழு பூஸ்டில் இப்படிச் சில வினாடிகள் போதும், நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக எரிவது) தொடங்கி பிஸ்டனைத் தின்றுவிடும். இந்தச் சரிவைப் பிடிப்பதற்குத்தான் கேஜ். ஐடிலில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதைப் பானெட்டைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

கேபினுக்குள் பெட்ரோல் வருகிறதா. வந்தால் அந்த வழியை அங்கேயே தள்ளிவிட வேண்டும். ஏனென்று கீழே.

சுமையில் விழும் அழுத்தத்தைப் பிடிக்கிறதா. பலரும் கோட்டை விடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக. டர்போ காரில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு, என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்யூம் ஹோஸ் போகும். மேனிஃபோல்டு அழுத்தம் ஏறினால் ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தமும் அதே அளவு ஏறும், இறங்கினால் இறங்கும். அடிப்படை 3 பார் என்றால், வேக்யூம் 0.6 பார் உள்ள ஐடிலில் கேஜ் 2.4 காட்டும். 1.2 பார் பூஸ்டில் 4.2 காட்ட வேண்டும். இப்போது பம்ப் திணறி, அதே பூஸ்டில் ரெயில் 3.2 பாரில் நிற்கிறது என்று வையுங்கள். முள் ஐடிலைவிட உயரத்தில் இருக்கிறது, பார்க்க நன்றாகவே தெரியும். ஆனால் இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் வித்தியாசம் 2 பார்தான், பெட்ரோல் 18 சதவீதம் குறைவு. பூஸ்டோடு சேர்த்துப் படிக்காத எந்த எண்ணும் இங்கே ஏமாற்றும்.

யார் பார்ப்பது. முழு த்ராட்டிலில் மூன்றாவது கியரில் போகும்போது கண் ரோட்டில் இருக்க வேண்டும், கேஜில் அல்ல. அந்த அரை வினாடிச் சரிவை முள்ளைப் பார்த்துப் பிடிப்பேன் என்பது நடக்காத காரியம். அலாரமோ, மிகக் குறைந்த அளவை நினைவில் வைக்கும் வசதியோ, லாகிங்கோ இருந்தால்தான் கேபின் கேஜுக்குப் பயன் உண்டு.

அளவெல்லையும் துல்லியமும். இன்ஜெக்‌ஷன் காருக்கு 0–7 பார் கேஜ் சரி. 2 பாருக்கு மேல் பூஸ்ட் ஓட்டினாலோ அடிப்படை அழுத்தத்தை 4 பாருக்கு ஏற்றியிருந்தாலோ 0–10 பார் எடுங்கள். கார்பரேட்டர் காரில் அழுத்தமே 0.3 முதல் 0.5 பார்தான்; அதற்கு 0–1 பார் கேஜ் வேண்டும், 7 பார் கேஜில் முள் அசைவதே தெரியாது. தொழில்துறை மெக்கானிக்கல் கேஜின் முகப்பில் 1.6, 2.5 என்று அச்சிட்டிருந்தால் அது முழு அளவில் இத்தனை சதவீதப் பிழை என்று பொருள். 7 பார் கேஜில் 2.5 என்றால் 0.17 பார் வரை தவறலாம்.

மறைந்திருக்கும் செலவு. அடாப்டர் ஃபிட்டிங், பெட்ரோல் தாங்கும் ஹோஸ், வயரிங், ட்யூனரின் நேரம், பிறகு மாற்ற வேண்டிவரும் சென்டர் (அழுத்தத்தை மின் சிக்னலாக மாற்றும் பாகம்). கேஜ் பெட்டியின் மேல் உள்ள விலை மொத்தத்தில் ஒரு பங்குதான்.

## ஒரே பார்வையில்

| வழி | கேபினில் பெட்ரோல் | பூஸ்டில் சரிவைப் பிடிப்பது | மறைந்த செலவு | பொருந்தும் கார் |
|---|---|---|---|---|
| நேரடி மெக்கானிக்கல் | உண்டு | கண்ணால் மட்டும் | தீ அபாயம், பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனையில் (ஸ்க்ரூட்டினி) நிராகரிப்பு | எதுவும் இல்லை |
| ஐசோலேட்டருடன் மெக்கானிக்கல் | இல்லை, டயாஃப்ரம் கிழியாதவரை | கண்ணால் மட்டும் | காற்று நீக்கல், ஆண்டுதோறும் திரவச் சோதனை | கார்பரேட்டர், எளிய டிராக் கார் |
| எலெக்ட்ரிக் கேஜ், சென்டருடன் | இல்லை | அலாரமும் நினைவும் இருந்தால் ஓரளவு | அடாப்டர், கிரவுண்டிங், மாற்று சென்டர் | தெருவில் ஓடும் பெரும்பாலான கார்கள் |
| ஈசியூவில் சென்சார், கேன் (காரின் தரவு வயர்) திரை | இல்லை | முழுமையாக | ட்யூனிங் நேரம், காலி அனலாக் இன்புட் | ஸ்டாண்டலோன் ஈசியூ (ஃபேக்டரி ஈசியூவுக்குப் பதில் போடும் தனி ஈசியூ) உள்ள கார் |
| ஓபிடி ரீடர் | இல்லை | மெதுவாக | காரில் சென்சாரே இல்லாமல் போகலாம் | டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார் |
| பானெட்டுக்கு அடியில் கேஜ் | இல்லை | இல்லை | சூட்டில் தவறும் அளவு | ரெகுலேட்டர் செட் செய்வதற்கு |

## நேரடி மெக்கானிக்கல் கேஜ்

பெட்ரோல் ஹோஸை ஃபயர்வால் வழியாக உள்ளே இழுத்து, டேஷ்போர்டில் உள்ள கேஜின் பின்னால் நேராக மாட்டுவது. விலை குறைவு, வயர் வேண்டாம், முள் உடனடியாக அசையும். இருந்தும் செய்யக் கூடாது.

கேஜுக்குள் இருப்பது ஈயப்பற்று வைத்து ஒட்டிய மெல்லிய பித்தளை போர்டன் குழாய். அதுவோ பின்னால் உள்ள ஃபிட்டிங்கோ விட்டுப்போனால் 4 பார் அழுத்தத்தில் பெட்ரோல் ஓட்டுநரின் மடியில் பீய்ச்சும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ரிலே, சுவிட்ச், வயர் எல்லாம் இருக்கின்றன. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கால் வைக்கும் இடத்தில் தேங்கி நிற்கும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பின்னிணைப்பு ஜே, 253ஆம் பிரிவு பெட்ரோல் லைன் காக்பிட் வழியாகப் போகலாம் என்கிறது, ஆனால் முன்பின் பல்க்ஹெட் (தடுப்புச் சுவர்) தவிர உள்ளே எங்கும் இணைப்பு இருக்கக் கூடாது. கேஜின் பின்பக்கம் மாட்டுவதே ஓர் இணைப்புதான். ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டுவிட்டேன் என்பது இதற்குப் பதிலாகாது. பின்னல் உரசலைத் தாங்கும். கேஜுக்குள் விடும் கசிவை அது எப்படித் தடுக்கும்?

## ஐசோலேட்டருடன் மெக்கானிக்கல் கேஜ்

ஐசோலேட்டர் என்பது நடுவில் டயாஃப்ரம் வைத்த சின்ன உலோக டப்பா. ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த திரவம். பெட்ரோல் டயாஃப்ரத்தைத் தள்ளும், டயாஃப்ரம் திரவத்தைத் தள்ளும், திரவம் கேஜின் முள்ளை நகர்த்தும். டப்பாவை ஃபயர்வாலின் என்ஜின் பக்கத்தில் பொருத்தினால் உள்ளே வருவது கூலன்ட் மட்டும்.

இதன் வெற்றி தோல்வி காற்றை நீக்குவதில்தான். திரவப் பக்கத்தில் ஒரு குமிழ் மிஞ்சினாலும் அது நசுங்கும், டயாஃப்ரம் அந்த அளவுக்குக் கூடுதலாக நகர வேண்டும். டயாஃப்ரம் நகரக்கூடிய தூரமோ கொஞ்சம்தான். ஐடிலில் கேஜ் சரியாகக் காட்டும், பூஸ்டில் டயாஃப்ரம் கடைசி வரை போய் முட்டி நிற்கும், முள் அதற்குமேல் ஏறாது. பம்ப் போய்விட்டது என்று நினைத்துப் புதுப் பம்ப் வாங்கிப் போடுபவர்கள் உண்டு. அதற்கு முன் திரவத்தை ஒருமுறை நிரப்பிப் பார்ப்பது நல்லது.

நிரப்பும் முறை: ஐசோலேட்டரின் திரவப் பக்க வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, ஊசியில்லா சிரிஞ்சால் விளிம்பு வரை நிரப்புங்கள். விரலால் தட்டித் தட்டிக் குமிழை வெளியேற்றுங்கள். ஹோஸை மாட்டி, அதன் மறுமுனை வழியாகத் திரவத்தை மெதுவாகத் தள்ளி நிரப்புங்கள். கேஜின் வாயிலும் கொஞ்சம் விட்டு, கடைசியாக இரண்டையும் இணையுங்கள். இணைத்ததும் என்ஜின் ஓடாமலேயே முள் 0.1, 0.2 பார் ஏறி நின்றால் அதிகமாக நிரம்பிவிட்டது. ஃபிட்டிங்கைச் சற்றுத் தளர்த்தி ஒரு துளி விட்டு மறுபடி இறுக்குங்கள். விட்டுவிட்டால் என்ஜின் பே சூடேறும்போது திரவம் விரிந்து பிழை இன்னும் கூடும்.

கேஜ் இருக்கும் உயரமும் கணக்கில் வரும். ஐசோலேட்டரைவிட கேஜ் அரை மீட்டர் மேலே இருந்தால் 0.05 பார் குறைத்துக் காட்டும். 3 பார் அமைப்பில் இதைக் கண்டுகொள்ள வேண்டாம். 0.4 பாரில் ஓடும் கார்பரேட்டர் காரில் இது எட்டில் ஒரு பங்கு. அங்கே ஐசோலேட்டரையும் கேஜையும் கூடுமானவரை ஒரே மட்டத்தில் வையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை கேஜ் பக்க ஹோஸைக் கழற்றித் திரவத்தை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது; நீங்கள் இத்தனை நாள் நேரடி மெக்கானிக்கல் கேஜுடன் ஓட்டியிருக்கிறீர்கள். எத்தனால் கலவை அதிகமுள்ள பெட்ரோல் ஓட்டினால் டயாஃப்ரம் அதைத் தாங்கும் பொருளா என்று வாங்கும்போதே உறுதி செய்யுங்கள்.

அலாரம் இல்லை, நினைவு இல்லை, லாக் இல்லை. பூஸ்ட் காருக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே ஐசோலேட்டரைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. எலெக்ட்ரானிக்ஸே இல்லாத கார்பரேட்டர் காருக்கு இது நேர்மையான, நீடித்து உழைக்கும் தீர்வு.

## எலெக்ட்ரிக் கேஜ், சென்டருடன்

என்ஜின் பேயில் சென்டர், உள்ளே வருவது வயர் மட்டும். தெருவில் ஓடும் காருக்கு இதுவே இயல்பான தேர்வு. ஆனால் எலெக்ட்ரிக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் விற்கின்றன.

பழைய வகை சென்டர் மின்தடை மாறுவது. 10 முதல் 180 ஓம் வரை மாறும் சென்டர் இதில் பரவலானது. ஒற்றை வயர் வகையில் கிரவுண்ட் மரையின் வழியாகவே போகும். மரையில் டேப்பைச் சுற்றினாலோ, ரப்பர் ஹோஸின் முனையில் தொங்கவிட்டாலோ கிரவுண்ட் அறுந்து முள் எங்கேயோ போய் நிற்கும். உள்ளே தேயும் உராய்வுத் தடமும் இருக்கிறது, எப்போதும் துடிக்கும் பெட்ரோல் அழுத்தத்தில் அது நீண்ட நாள் தாங்காது.

இன்றைய வகை மூன்று வயர் சென்சார்: 5 வோல்ட், சென்சார் கிரவுண்ட், சிக்னல். சிக்னல் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை. 10 பார் சென்சாரில் ஒரு பாருக்கு 0.4 வோல்ட், ஆக 3 பாரில் 1.7 வோல்ட். இந்தக் கணக்கு கையில் இருந்தால் மல்டிமீட்டரை வைத்தே பழுது கேஜிலா சென்சாரிலா என்று பிரித்துவிடலாம். பொருத்துவதற்கு முன், காற்றில் திறந்த நிலையில் 0.5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். 0.9 வந்தால் பெரும்பாலும் கையில் இருப்பது அப்சல்யூட் வகை, வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும்; வித்தியாசம் தெரியாமல் மாட்டினால் எப்போதும் 1 பார் கூடுதலாகப் படிப்பீர்கள்.

கிரவுண்டை அலட்சியமாக விட்டால் கணக்கு முழுவதும் சாயும். சென்சார் கிரவுண்டைப் பக்கத்தில் கிடைத்த போல்ட்டில் மாட்டினால், ஃபேனும் பம்பும் ஓடும்போது அந்த இடத்தில் 0.1 வோல்ட் ஏறுவது சாதாரணம். 10 பார் சென்சாரில் அது 0.25 பார் பிழை. ஃபேன் ஓடத் தொடங்கும்போது பெட்ரோல் அழுத்தம் மாறுவதுபோல் தெரிந்தால் பம்பைத் தேடிப் போகாதீர்கள். கேஜிலிருந்து வரும் கிரவுண்ட் வயரையே சென்சார் வரை கொண்டுபோங்கள். சிக்னல் வயர் இக்னிஷன் காயில் வயருக்கு அருகில் போகக் கூடாது.

சென்டரை என்ஜின் மேல் நேராகத் திருகுவது வேலை குறைவான வழி, ஆயுளும் குறைவு. பித்தளை அடாப்டரின் முனையில் கனமான சென்டர் ஆடிக்கொண்டிருந்தால் 1/8 அங்குல மரை அடியிலேயே வெடிக்கும். கசிவது சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே. ரெயிலிலிருந்து குட்டியான 3 அல்லது 4 அளவு ஏஎன் (கூம்பால் அடைக்கும் ஃபிட்டிங் வகை) பின்னல் ஹோஸ் எடுத்து, சென்டரை ஃபயர்வாலிலோ ஸ்ட்ரட் டவரிலோ கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். இந்த ஹோஸ், இரண்டு ஃபிட்டிங், கிளாம்ப் ஆகியவை எந்தக் கேஜ் பெட்டியிலும் இருக்காது. செலவுக் கணக்கில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி அலாரம். முன்பு சொன்ன காரையே எடுத்துக்கொண்டால், ஐடிலில் 2.4 பார் இருப்பதால் அலாரத்தை 2.2க்குக் கீழேதான் வைக்க முடியும். பூஸ்டில் 4.2 வேண்டிய இடத்தில் 3.2 வந்தாலும் அலாரம் வாய் திறக்காது. ஒரே எண்ணை மட்டும் ஏற்கும் அலாரம் டர்போ காரில் அரைப் பாதுகாப்புதான். பூஸ்ட் கேஜுடன் பேசி வித்தியாசத்தைக் காட்டும் வகையோ, பூஸ்ட் வந்த பிறகு மட்டும் வேறு எல்லையில் அலாரம் அடிக்கும் வகையோ கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள். டர்போ இல்லாத, ரிட்டர்ன் லைனும் வேக்யூம் ஹோஸும் இல்லாத, நிலையான அழுத்தத்தில் ஓடும் காரில் இந்தத் தொல்லை கிடையாது, அடிப்படைக்கு 0.4 பார் கீழே அலாரம் வைத்தால் போதும்.

வாங்குமுன் இன்னொன்று: பீக் நினைவு என்று விளம்பரம் செய்யும் பல கேஜ்கள் அதிகபட்சத்தை மட்டுமே சேமிக்கின்றன. பெட்ரோல் அழுத்தத்தில் நமக்கு வேண்டியது குறைந்தபட்சம். கையேட்டில் அதைத் தேடிப் பாருங்கள்.

## ஈசியூவில் சென்சார், கேன் திரை

ஸ்டாண்டலோன் ஈசியூ ஏற்கெனவே இருந்தால் தயங்க வேண்டாம், இதுதான். சென்சார் அதே மூன்று வயர் வகை. 5 வோல்ட்டும் கிரவுண்டும் ஈசியூவே கொடுக்கும், சிக்னல் ஓர் அனலாக் இன்புட்டுக்குப் போகும். மேனிஃபோல்டு அழுத்தம் ஈசியூவுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் ரெயில் அழுத்தத்திலிருந்து அதைக் கழித்து வித்தியாச அழுத்தத்தை நேரடியாகக் கணக்கிடும். டேஷ்போர்டில் உள்ள கேன் திரையில் ஐடிலிலும் 3.0, முழு பூஸ்டிலும் 3.0. அந்த எண் நகர்ந்தால் ஏதோ சரியில்லை, அவ்வளவுதான், மனக்கணக்கு வேண்டாம்.

கண் பார்க்க வேண்டிய அவசியமும் போய்விடுகிறது. வித்தியாசம் 0.5 பார் விழுந்தால் பூஸ்டை வெட்டு, ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்து என்று எழுதி வைக்கலாம். இரண்டு நிபந்தனைகள் சேர்க்க வேண்டும். ஒன்று, குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கும் லோடுக்கும் மேல் மட்டும் இது வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்யும்போதே கட் விழும். இரண்டு, 0.2, 0.3 வினாடி தாமதம். கியர் மாற்றும்போது த்ராட்டில் மூடித் திறப்பதில் ரெகுலேட்டர் கணநேரம் தடுமாறுவது இயல்பு. சிக்னல் 0.5 வோல்ட்டுக்குத் தெளிவாகக் கீழே போனாலோ 5 வோல்ட்டைத் தொட்டாலோ அதைச் சென்சார் பழுது என்று தனியாக எடுக்கச் சொல்லுங்கள். அறுந்த வயரை அழுத்தமே இல்லை என்று புரிந்துகொண்டு முந்தும் வேளையில் பவரை வெட்டினால் அதுவும் ஆபத்து.

அளவிடும் அழுத்தத்தை வைத்து இன்ஜெக்டர் நேரத்தைத் தானே திருத்தும் வசதி பல ஈசியூக்களில் உண்டு. நல்ல வசதி, ஆனால் அளவாகப் பயன்படுத்த வேண்டும். பம்ப் மெல்ல மெல்லச் சாகும்போது ஈசியூ இன்ஜெக்டரை நீட்டி நீட்டி அதை மூடி மறைக்கும், ஏர்-ஃபியூவல் விகிதம் சரியாகவே தெரியும், இன்ஜெக்டர் ட்யூட்டி (அது திறந்திருக்கும் நேர விகிதம்) எல்லையைத் தொடும் நாளில் எல்லாம் ஒன்றாகக் கவிழும். திருத்தத்தைப் போட்டால் அதனுடன் எச்சரிக்கை எல்லையையும் கட்டாயம் போடுங்கள்.

மறைந்த செலவுகள்: அனலாக் இன்புட் காலியாக இல்லாவிட்டால் கேன் விரிவாக்கப் பெட்டி, கனெக்டரின் பின் டெர்மினல்கள், ட்யூனரின் மணிக்கணக்கு, திரையின் விலை. ஃபேக்டரி ஈசியூவையே ஃப்ளாஷ் செய்து (மென்பொருளை மாற்றி எழுதி) ஓட்டும் காரில் ஃபியூவல் பிரஷருக்காக மட்டும் ஸ்டாண்டலோன் வாங்குவது பொருளற்றது. அங்கே நல்ல எலெக்ட்ரிக் கேஜும், எக்ஸாஸ்டில் ஏர்-ஃபியூவல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்டும் சேர்ந்தே வேலையை முடிக்கும். சொல்லப்போனால், ஒரே ஒரு கேஜுக்குத்தான் பணம் என்றால் டர்போ காரில் முதலில் வைட்பேண்டு. கலவை மெலிந்ததை அது சொல்லும், ஏன் மெலிந்தது என்பதை ஃபியூவல் பிரஷர் சொல்லும்.

## ஓபிடி ரீடர்

ரெயில் சென்சார் காரில் இருந்தால்தான் ஓபிடியில் எண் வரும். பல போர்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் அந்தச் சென்சாரே கிடையாது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் (சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் தெளிக்கும் வகை) உயரழுத்த ரெயிலின் அளவு கட்டாயம் இருக்கும், அதனால் அங்கே இது இலவசமாகக் கிடைத்த கேஜ். ஆனால் ஒரே நேரத்தில் ஏழெட்டு அளவுகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் புதுப்பிக்க வினாடியில் கணிசமான பங்கு ஆகும். சிறிய சரிவுகள் இடையில் நழுவிவிடும். பதிவு செய்யும்போது ரெயில் அழுத்தம், அதன் இலக்கு, ஆர்பிஎம், பூஸ்ட் இவற்றை மட்டும் கேளுங்கள்.

உயரழுத்தப் பக்கத்தில் ஃபிட்டிங் எதையும் சேர்க்காதீர்கள். அங்கே 200 பாரும் அதற்கு மேலும் ஓடும். முடி அளவு ஓட்டையிலிருந்து வரும் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். டாங்கியிலிருந்து உயரழுத்தப் பம்ப் வரை உள்ள தாழ்வழுத்தப் பக்கத்தில் வேண்டுமானால் எலெக்ட்ரிக் சென்டர் போடலாம். உயரழுத்தப் பம்ப் திணறுவதற்கு அந்தப் பக்கம் காய்வதும் அடிக்கடி காரணமாகிறது, ஆகவே வீண் செலவில்லை.

## பானெட்டுக்கு அடியில் கேஜ்

ரெகுலேட்டரின் 1/8 வாயில் திருகும் சின்ன கேஜ். அடிப்படை அழுத்தத்தைச் செட் செய்ய இது போதும், மலிவும் கூட. கிளிசரின் நிரப்பிய வகை சூடேறினால் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து கூட்டுக்குள் அழுத்தம் ஏறி, முள் குறைவாகக் காட்டும். எனவே குளிர்ந்த என்ஜினில் செட் செய்யுங்கள், அல்லது காற்றுவிடும் அடைப்பைத் திறந்துவிட்டுப் படியுங்கள். சூடான என்ஜினில் அழுத்தம் குறைந்துவிட்டது என்று ரெகுலேட்டரைத் திருகி ஏற்றியவர்கள் மறுநாள் காலையில் கலவை தடித்துப் போயிருப்பதைப் பார்ப்பார்கள். கேபினில் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், புது சென்சாரை ஒருமுறை சரிபார்க்க இந்த மெக்கானிக்கல் கேஜ் கையில் இருக்கட்டும்.

## எந்த வழியானாலும் ஃபிட்டிங் வேலை ஒன்றே

அளக்கும் இடம் ஃபில்டருக்குப் பின்னால், ரெகுலேட்டருக்கு முன்னால்: ரெயிலின் காலியான முனை, ரெகுலேட்டரின் கேஜ் வாய், அல்லது ஃபில்டரின் பேன்ஜோ போல்ட் (நடுவில் பெட்ரோல் போகும் துளையுள்ள போல்ட்). பல ஜப்பானிய கார்களில் அந்தப் போல்ட் எம்12, 1.25 பிட்ச், கேஜ் வாயுடன் கூடிய மாற்றுப் போல்ட் கிடைக்கும். பேன்ஜோவைக் கழற்றினால் இருபுறமும் புது வாஷர் போட வேண்டும். ரிட்டர்ன் லைனில் அளந்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

மரையைப் பொருத்திப் பார்க்காமல் இறுக்காதீர்கள். 1/8 என்பிடி (அமெரிக்கக் கூம்பு மரை) அங்குலத்துக்கு 27 மரை, 60 பாகை. ஜப்பானிய கேஜ்களுடன் வரும் 1/8 பிடி (பிரிட்டிஷ் வகைக் கூம்பு மரை) சென்டர் 28 மரை, 55 பாகை. இரண்டும் சில சுற்றுகள் உள்ளே போகும், பிடித்ததுபோலவே இருக்கும், பிறகு கசியும். இறுக்கினால் அலுமினியம் வாய் வெடிக்கும். சரியான அடாப்டர் மட்டுமே தீர்வு.

என்பிடி மரைக்குப் பெட்ரோல் தாங்கும் திரவ சீலன்ட், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. வெள்ளை டேப் வேண்டாம்; கிழிந்த இழை இன்ஜெக்டர் வடிகட்டியில் போய் உட்காரும். ஏஎன் வகையில் அடைப்பது 37 பாகைக் கூம்புதான், அங்கே சீலன்ட் எதுவும் போடக் கூடாது. என்பிடி மரையைக் கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்று, அலுமினியத்தில் அதற்கு மேல் துணிய வேண்டாம். ஹோஸ் நுழையும் ஃபிட்டிங்கில் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வைத்தால் இரண்டு நன்மை: இன்ஜெக்டர் துடிப்பால் முள் நடுங்குவது அடங்கும், ஹோஸ் அறுந்தாலும் கொட்டும் பெட்ரோல் மட்டுப்படும்.

என்ஜின் குளிர்ந்த பிறகு வேலை. பம்ப் ரிலேவைக் கழற்றி, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டி அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவ். ஃபிட்டிங்கின் மேல் துணியைச் சுற்றித்தான் தளர்த்த வேண்டும், மிச்ச அழுத்தம் எப்போதும் இருக்கும். பெட்ரோல் தீக்கு உகந்த தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில். முடிந்ததும் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து பம்பைப் பிரைம் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். ஓட்டிச் சூடேறி, மறுபடி குளிர்ந்த பிறகு இன்னொரு முறை. பித்தளையும் அலுமினியமும் வேறு வேறு அளவில் விரிவதால், முதல் சூட்டில்தான் பல கசிவுகள் வெளியே தெரியும்.

## உங்கள் கார் எந்தப் பக்கம்

கார்பரேட்டர், அலங்காரம் இல்லாத டிராக் கார்: ஐசோலேட்டருடன் 0–1 பார் கேஜ். டர்போ இல்லாத இன்ஜெக்‌ஷன் கார், ஃபேக்டரி ஈசியூ: மூன்று வயர் எலெக்ட்ரிக் கேஜ், ஒற்றை அலாரமே போதும். டர்போ, ஃப்ளாஷ் ட்யூன்: வித்தியாச அழுத்தம் அல்லது பூஸ்ட் சார்ந்த அலாரம் உள்ள எலெக்ட்ரிக் கேஜ், அதனுடன் வைட்பேண்டு. ஸ்டாண்டலோன் ஈசியூ: சென்சார் ஈசியூவுக்கு, தனிக் கேஜ் வாங்கவே வேண்டாம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன்: உயரழுத்தத்துக்கு ஓபிடி, பவர் கணிசமாக ஏற்றியிருந்தால் தாழ்வழுத்தப் பக்கம் ஒரு சென்டர்.

## பொருத்திய பிறகு எண்ணைப் படிப்பது

சரிவு எந்த வடிவில் வருகிறது என்பதே காரணத்தைக் காட்டும். ஆர்பிஎம் ஏற ஏற மெல்லச் சரிந்தால் பம்பின் கொள்ளளவு போதவில்லை, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. பம்பைக் குறை சொல்லும் முன் சுமையில் பம்பின் கனெக்டரிலேயே வோல்டேஜை அளந்து பாருங்கள், பேட்டரியில் 13.8 இருக்க அங்கே 11.5 வந்தால் பழுது மெல்லிய வயரில். வளைவில் திடீரென விழுந்து நேரே வந்ததும் மீண்டால் டாங்கியில் பெட்ரோல் ஓரத்துக்கு ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. பூஸ்ட் ஏறியும் ரெயில் 3.0லேயே நின்றால் ரெகுலேட்டருக்குப் போகும் வேக்யூம் ஹோஸ் கழன்றிருக்கிறது, அல்லது வெடித்திருக்கிறது.

வேக்யூம் ஹோஸைக் கழற்றி, அதன் முனையை அடைத்து, ஐடிலில் வரும் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஹோஸிலோ ரெகுலேட்டரின் முனையிலோ பெட்ரோல் ஈரம் தெரிந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் இதே சோதனையைச் செய்யுங்கள். முன்பு 3.0 இருந்தது 2.8 ஆகியிருந்தால் மெக்கானிக்கல் கேஜை மாட்டி ஒப்பிடுங்கள்: இரண்டும் 2.8 காட்டினால் பழுது பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர் ஆகியவற்றில் ஒன்றில், மெக்கானிக்கல் 3.0 காட்டினால் மாற்ற வேண்டியது சென்சார்.